ஜாகுவார் எக்ஸ்கே 120 சேசிஸ் எண்

ஜாகுவார் எக்ஸ்கே 120 என்பது இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்ட இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1954 வரை உற்பத்தியில் இருந்தது. ஏறத்தாழ 12,000 கார்கள் மூன்று வகை உடல்களுடன் வெளிவந்தன. இவற்றின் சேசிஸ் எண் ஆறு இலக்கங்கள் கொண்டது. கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது அதன்மேல் எந்த உடல் இருந்தது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தது என்பதை அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்களிலிருந்தே அறியலாம்.

எண் வரிசை

66 எனத் தொடங்கினால் வலப்பக்க ஸ்டியரிங். 67 அல்லது 68 எனத் தொடங்கினால் இடப்பக்க ஸ்டியரிங். முதலில் வந்த திறந்த ரோட்ஸ்டர் வகைக்கு 660001, 670001 ஆகிய எண்களிலிருந்து வரிசை தொடங்கியது. 1951-இல் வந்த, நிலையான கூரை கொண்ட கூபே வகைக்கு 669001, 679001 எனவும், 1953-இல் வந்த, மடக்குக் கூரை கொண்ட டிராப்ஹெட் கூபே வகைக்கு 667001, 677001 எனவும் வரிசைகள் ஒதுக்கப்பட்டன.

மூன்றாவது இலக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வோர் இங்கே தவறுவதுண்டு. பெரும்பாலான கார்கள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானதால் இடப்பக்க ஸ்டியரிங் வரிசைகள் ஓராயிரத்தில் அடங்கவில்லை. 670 முதல் 676 வரை அனைத்தும் ரோட்ஸ்டர்களே. 677, 678 டிராப்ஹெட் வகை. 679-இல் தொடங்கிய கூபே வரிசை 680-ஐக் கடந்து 681 வரை சென்றது. எனவே 680 எனத் தொடங்கும் எண் போலி அல்ல. அது இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட கூபே.

எண்ணின் முன் எஸ் என்ற எழுத்து இருந்தால், அது கூடுதல் திறன் கொண்ட எஞ்சினுடன் விற்கப்பட்ட சிறப்பு வகையைக் குறிக்கும்.

அலுமினிய உடல்

விலையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது தொடக்ககாலக் கார்கள்தாம். குறைந்த எண்ணிக்கையே விற்கும் என்று கருதிய நிறுவனம், முதல் 240 கார்களுக்குச் சற்றே கூடுதலானவற்றை மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திச் செய்தது. தேவை பெருகவே, அச்சில் அழுத்திய எஃகு உடலுக்கு மாறியது. வலப்பக்க வரிசையில் 660058 வரையும், இடப்பக்க வரிசையில் 670184 வரையும் உள்ளவை அலுமினியக் கார்கள்.

இதைக் காந்தத்தால் சோதிப்பது வழக்கம். ஆனால் எஃகு உடல் கார்களிலும் கதவுகள், பானட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியத்தாலானவையே. கதவில் காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டுகளில்தான் சோதிக்க வேண்டும்.

எண்ணும் உடலும் பொருந்தாதபோது

எஞ்சின் அறையில் ஆணியடித்துப் பொருத்தப்பட்ட தகட்டில் சேசிஸ் எண்ணுடன் உடல், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்களும் உள்ளன. இத்தகட்டைப் புதிதாகச் செய்து வாங்குவது எளிது என்பதால், அடிச்சட்டத்திலேயே பொறிக்கப்பட்ட எண்ணுடன் அதை ஒப்பிடுவது முதல் வேலை. உடலுக்கெனத் தனி எண் உண்டு: ரோட்ஸ்டருக்கு எஃப், கூபேக்கு ஜே, டிராப்ஹெட்டுக்கு பி என்ற எழுத்தில் அது தொடங்கும். சேசிஸ் எண் 679 என்றும் உடல் எண் எஃப் என்றும் இருந்தால், கூபேயின் அடிச்சட்டத்தில் பின்னர் வேறு காரின் ரோட்ஸ்டர் உடல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கூரையை வெட்டி ரோட்ஸ்டராக்கிய கூபேயில் ஜே எழுத்து அப்படியே இருக்கும். அசல் ரோட்ஸ்டரின் கதவுகளுக்கு வெளிப்புறக் கைப்பிடியோ ஏற்றியிறக்கும் கண்ணாடியோ கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

670 வரிசைக் கார் வலப்பக்க ஸ்டியரிங்குடன் காணப்படுவது வேறு விதம். அமெரிக்காவிலிருந்து திரும்ப வாங்கப்பட்டு மாற்றியமைக்கப்பட்ட கார்கள் இவ்வாறு இருக்கும். சொல்லி விற்றால் இதில் ஏமாற்று ஏதுமில்லை.

தொழிற்சாலைப் பதிவேடுகள் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் அமைப்பிடம் உள்ளன. உரிமையாளர் விண்ணப்பித்தால் அசல் உடல் வகை, எண்கள், வண்ணம், அனுப்பப்பட்ட நாள், பெற்ற விற்பனையாளர் ஆகியவற்றுடன் சான்றிதழ் கிடைக்கும். அடுத்து வந்த எக்ஸ்கே 140 மாதிரிக்கு இந்த எண்முறை பொருந்தாது. அதன் எண்கள் 8-இல் தொடங்குகின்றன.