வளர்ப்புச் சிறுத்தைப் பல்லியின் உடல்நலச் சிக்கல்கள்

சிறுத்தைப் பல்லி (யூப்லெபாரிசு மேக்குலேரியசு) என்பது ஆப்கானித்தான், பாக்கித்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களிலும் புல்வெளிகளிலும் வாழும் ஊர்வன இனமாகும். 1854 ஆம் ஆண்டில் எட்வர்டு பிளைத் என்ற விலங்கியலாளர் இதனை அறிவியல் முறைப்படி விவரித்தார். மஞ்சள் தோலும் கரும்புள்ளிகளும் கொண்ட இப்பல்லி பல நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படுகிறது. நல்ல பராமரிப்பில் இது 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். வளர்ப்புப் பல்லிகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை வெப்பம், ஈரப்பதம், உணவு ஆகியவற்றில் உள்ள குறைகளால் ஏற்படுகின்றன. ஆகவே நோய்க்கு மருந்து தேடும்போது வளர்ப்பிடத்தையும் சரிபார்க்க வேண்டும்.

நோய் தாமதமாகத் தெரிவது ஏன்?

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால் சிறுத்தைப் பல்லி தன் பலவீனத்தை எளிதில் வெளிக்காட்டாது. பகலில் மறைவிடத்தில் தங்கி, அந்தி நேரத்திலும் இரவிலும் நடமாடுவதால் அதன் சோர்வு வளர்ப்பவரின் கண்ணில் படுவதில்லை. இதன் பருத்த வால் கொழுப்பைச் சேமிக்கும் உறுப்பாகும். உணவு குறையும்போது உடல் இக்கொழுப்பைப் பயன்படுத்திக்கொள்ளும். எனவே வால் மெலிந்து தெரியும் நேரத்தில் நோய் பல வாரங்களைக் கடந்திருக்கக்கூடும்.

இதனைத் தவிர்க்க, வாரம் ஒருமுறை சிறிய மின்னணுத் தராசில் பல்லியை எடைபோட்டுக் குறித்து வைப்பது நல்லது. வளர்ந்த பல்லியின் எடை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மருத்துவரை அணுக வேண்டும். எச்சத்தையும் கவனிக்க வேண்டும். நலமான பல்லியின் எச்சம் கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியாகவும், அதனுடன் வெண்ணிறச் சிறுநீர்க் கட்டி சேர்ந்தும் இருக்கும். நீர்த்த எச்சம், கடும் நாற்றம், இரத்தம், செரிக்காத பூச்சிகள் ஆகியவை நோயின் அறிகுறிகள்.

உணவு மறுப்பு எப்போதும் நோயாகாது. தோலுரிக்கும் முன்பும், குளிர் காலத்திலும், இனப்பெருக்கப் பருவத்திலும் பல்லிகள் குறைவாக உண்பது இயல்பு. எடையும் வாலும் மாறாமல் இருந்தால் பொறுத்திருக்கலாம். குஞ்சுகளிடம் சேமிப்புக் கொழுப்பு குறைவு என்பதால் அவை சில நாட்கள் உண்ணாவிட்டாலும் கவனம் தேவை.

தோலுரிதல் சிக்கல்

இப்பல்லி சில வாரங்களுக்கு ஒருமுறை தோலை உரித்து, அதனை உண்டுவிடும். ஈரப்பதம் போதாவிட்டால் பழைய தோல் விரல்களில் வளையம்போல் ஒட்டிக்கொள்ளும். அவ்வளையம் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் விரல் கருத்து உதிர்ந்துவிடும். வீட்டுப் பல்லிக்கு இல்லாத அசையும் கண்ணிமைகள் சிறுத்தைப் பல்லிக்கு உண்டு. இமைகளுக்கு உள்ளேயும் தோல் தங்கிக் கண் வீங்கலாம்.

ஒட்டிய தோலை உலர்ந்த நிலையில் இழுக்கக் கூடாது. சுமார் 30 பாகை செல்சியசு வெதுவெதுப்பான நீரை விரல்கள் நனையும் அளவுக்கு ஊற்றி, 10 முதல் 15 நிமிடங்கள் நிற்க வைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல நீக்கலாம். கண்ணில் தங்கிய தோலை மருத்துவரே அகற்ற வேண்டும். நனைந்த பாசியோ காகிதத் துண்டோ இட்ட ஓர் ஈர மறைவிடம் எப்போதும் இருந்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தோன்றாது.

வளர்சிதைமாற்ற எலும்பு நோய்

தீனியாகத் தரப்படும் சுவர்க்கோழி, மாவுப்புழு போன்ற பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாசுபரசு அதிகம். கால்சியமோ, அதனை உடல் ஏற்க உதவும் உயிர்ச்சத்து டி3-யோ போதாதபோது உடல் எலும்புகளிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. கால்கள் வளைதல், தாடை மென்மையாதல், நடுக்கம், உடலைத் தரையிலிருந்து தூக்க இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்கத்தில் கண்டறிந்தால் நோயை நிறுத்தலாம். ஆனால் வளைந்த எலும்புகள் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. பூச்சிகளுக்கு முதல்நாள் சத்தான உணவளிப்பதும், அவற்றின் மீது கால்சியப் பொடி தூவுவதும் தடுப்பு முறைகள். டி3 அளவுக்கு மீறினாலும் தீங்கு என்பதால் பொடியின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குடல் அடைப்பு

மணல் பரப்பிய தொட்டியில் பல்லி இரையுடன் மணலையும் விழுங்கக்கூடும். சூடு போதாவிட்டால் செரிமானம் மந்தமாகி அடைப்பு ஏற்படும். வயிறு உப்புதல், பல நாட்கள் எச்சம் வராமை, உணவு மறுப்பு ஆகியவை அறிகுறிகள். வெப்பப் பகுதியின் தரை 32 முதல் 35 பாகை செல்சியசு வரை உள்ளதா என்பதை வெப்பமானியால் அளந்து பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிற்க வைப்பது இலேசான அடைப்புக்கு உதவலாம். எண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கக் கூடாது. தரையில் காகிதத் துண்டு அல்லது ஓடு பயன்படுத்துவது பாதுகாப்பானது.

குச்சிபோல் மெலியும் வால்

நன்கு உண்டும் வால் மெலிந்துகொண்டே போனால் குடல் ஒட்டுண்ணிகளை ஐயுற வேண்டும். அவற்றுள் கிரிப்டோசுபோரிடியம் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மிகக் கொடியது. குடலைத் தாக்கிச் சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் இதற்கு உறுதியாகக் குணமாக்கும் மருந்து இல்லை. எச்சத்தின் வழியே பிற பல்லிகளுக்குப் பரவும். பொதுவான கிருமிநாசினிகள் பல இதனை அழிப்பதில்லை. நோயுற்ற பல்லியின் எச்சத்தில் கிருமி எல்லா நாளும் வெளிப்படாது என்பதால் ஒரே பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மீண்டும் சோதிக்க வேண்டும்.

மெலிந்த பல்லிக்குத் தீனியை மட்டும் கூட்டிக் காத்திருப்பது பரவலான தவறு. அவ்விடைவெளியில் வீட்டிலுள்ள மற்றப் பல்லிகளும் தொற்றுக்கு உள்ளாகலாம். புதிதாக வாங்கிய பல்லியைத் தனி அறையில், தனிப் பாத்திரங்களுடன், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் வைத்து எச்சப் பரிசோதனை செய்த பின்னரே மற்றவை இருக்கும் அறைக்குக் கொண்டுவர வேண்டும்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலைகள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், மூக்கில் சளிக் குமிழ், வாயில் சீழ், ஆசனவாய்க்கு வெளியே தசை பிதுங்குதல், வலிப்பு ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் பயன்படாது. பெண் பல்லி வழக்கமாக ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள் இடும். முட்டையுடன் உள்ள பல்லி தொடர்ந்து தோண்டியும் முக்கியும் முட்டையிடாமல் சோர்ந்தால் அது முட்டைத் தடையாக இருக்கலாம். தாமதம் உயிரைப் பறிக்கும். பிதுங்கிய தசையை உலரவிடாமல் சுத்தமான நீரால் நனைத்தபடி கொண்டுசெல்ல வேண்டும்.

வால் அறுந்து விழுவது அவ்வளவு அச்சத்துக்குரியதன்று. அஞ்சும்போது வாலை உதிர்ப்பது இதன் தற்காப்பு முறை. காகிதத் துண்டு விரித்த சுத்தமான இடத்தில் வைத்து, சீழோ வீக்கமோ தோன்றுகிறதா என்று பார்த்தால் போதும். புதிய வால் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புடன், கிழங்கு போன்ற வடிவில் வளரும்.

மருத்துவரிடம் செல்லும்போது

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. பல்லி நலமாக இருக்கும்போதே அத்தகையவரைக் கண்டறிந்து வைப்பது நல்லது. காற்றுத்துளையுள்ள சிறு பெட்டியில் துணி விரித்துப் பல்லியை எடுத்துச் செல்லலாம். எடைக் குறிப்பு, புதிய எச்சம், தொட்டியின் படம், வெப்ப அளவு ஆகியவை நோயறிய உதவும்.

மனிதர் நலம்

நலமாகத் தோன்றும் பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். பல்லியையோ தொட்டியையோ தொட்டபின் சோப்பினால் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தோர் ஆகியோர் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.