இராட்டினமும் மிளகாய்த்தூளும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சங்கம் அமைத்ததும் முதலிற் கேட்பது இயந்திரம். "மில் வந்தால் மிளகாய்த்தூள் தானாக விற்கும், சுவாமி" என்பார்கள். எனக்கோ ஆபிரிக்க இராட்டினம் ஒன்று நினைவுக்கு வரும்.

சிறுவர் இராட்டினம் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியால் கிணற்று நீர் தாங்கிக்கு ஏறும். கேட்க அழகான யோசனைதான். 2006இல் அமெரிக்க அரசும் கொடையாளரும் 1 கோடி 64 இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தனர். 2010க்குள் 4,000 நீர்ப்பம்பிகள் அமைப்பது இலக்கு. பிள்ளைகள் ஓயாமல் விளையாடுவார்கள் என்ற ஓர் ஊகத்திலேயே எல்லாம் நின்றது. மொசாம்பிக்கில் பிள்ளைகள் களைத்து விலக, பெண்களே அதைச் சுற்றித் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. சொன்னபடி ஒரு பம்பி 2,500 பேருக்கு நீர் தர, நாளுக்கு 27 மணித்தியாலம் விளையாட வேண்டுமென 2009இல் 'கார்டியன்' பத்திரிகை கணக்கிட்டது. பல இடங்களில் பழைய கைப்பம்பியையும் கழற்றிவிட்டிருந்தார்கள்!

அவர்கள் இழந்தது கொடையாளர் பணம். நாம் வாங்குவதோ கடன். காணியும் கையில் இல்லாத நேரத்தில்.

மிளகாய்த்தூளில் எது பிழைத்தால் எல்லாம் கவிழும்? இயந்திரமல்ல, வாங்குபவர். ஆகவே ஐந்து கிலோ மிளகாயை வறுத்து, கூலிக்கு அரைப்பித்து, 100 கிராம் பைகளாகச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். "வாங்குவீர்களா?" என்று கேட்க வேண்டாம், முகத்துக்காக எல்லோரும் "ஓம்" என்பார்கள். காசு கொடுத்தவர் எத்தனை பேர், என்ன விலைக்கு, அடுத்த கிழமை திரும்பி வந்தவர் யார் என்று கொப்பியில் எழுதுங்கள். நான்கு கிழமைக் கணக்கோடு கூட்டத்துக்கு வாருங்கள். கடன் விண்ணப்பத்தை அப்போது நிரப்புவோம்.