பூசணிக் கொடியைக் கெடுக்கும் செவ்வண்டு

பூசணி, பறங்கி, சுரை, பீர்க்கு, வெள்ளரி முதலியவற்றைச் சாகுபடி செய்யும் குடியானவர்கள், விதை முளைத்த சில நாட்களுக்குள் இளஞ்செடிகள் சல்லடைபோல் துளைபட்டு மடிவதை அடிக்கடி கண்டிருப்பர். சிலர் இதனை விதையின் குற்றமென்றெண்ணி மறுபடியும் விதை ஊன்றுகிறார்கள். அதுவும் அவ்வாறே அழிகிறது. விதைச் செலவு இரட்டிப்பதுடன் பருவமும் தவறிவிடுகிறது. இக்கேட்டை விளைவிப்பது சிவப்புப் பூசணி வண்டு. சாஸ்திர நூல்களில் இதற்கு ஆலகோபோரா போவீகாலிஸ் என்று பெயர்.

உருவம்: வண்டு சுமார் கால் அங்குல நீளமுள்ளது. மேற்புறம் பளபளப்பான செம்மஞ்சள் நிறம். அடிவயிறு கறுப்பு நிறமாய் மெல்லிய வெண்மயிர் படர்ந்திருக்கும். கிட்டச் சென்றால் சட்டென்று பறந்துவிடும். புள்ளிகளுடைய பொறிவண்டுகளை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. அவற்றுள் பல, அசுவுணியைத் தின்று நமக்கு உதவி செய்பவை.

வாழ்க்கையும் உணவும்: வண்டு இலையையும் பூவையும் கடித்துத் துளைக்கும். விதையிலைப் பருவமே அதற்கு மிகவும் உகந்தது. வளர்ந்த கொடி சில இலைகளை இழந்தாலும் பிழைக்கும், முளையோ பிழைப்பதரிது. பாகற்கொடியை இவ்வண்டு அவ்வளவாக நாடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் இச்சேதம் பாதியே. மறுபாதி மண்ணுக்குள் நிகழ்கிறது. பெண்வண்டு கொடியின் அடியிலுள்ள ஈரமண்ணில் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் வெண்ணிறப் புழு வேரையும் தண்டின் அடிப்பாகத்தையும் குடைந்து தின்னும். தரையில் படிந்த காய்களையும் அடிப்புறமாகத் துளைக்கும், அக்காய்கள் அழுகிப்போகும். தண்ணீர் பாய்ச்சியும் கொடி காரணமின்றி வாடுமாயின் வேரைத் தோண்டிப் பார்த்தல் நலம். முதிர்ந்த புழு மண்ணிலேயே கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாக வெளிவரும். முட்டை முதல் வண்டு வரை சுமார் 4 முதல் 5 வாரங்களே ஆவதால், ஓர் ஆண்டில் பல தலைமுறைகள் பெருகுகின்றன.

தடுக்கும் முறைகள்: இலையிலுள்ள வண்டை மாத்திரம் துரத்துவதால் முழுப்பயன் இல்லை, மண்ணிலுள்ளதையும் ஒழிக்க வேண்டும்.

1. அறுவடை முடிந்தவுடன் காய்ந்த கொடிகளை அகற்றி எரித்து, நிலத்தை ஆழ உழுக. புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலாலும் பறவைகளாலும் அழியும்.

2. முளைத்தது முதல் நாள்தோறும் விடியற்காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவும். அவ்வேளையில் வண்டுகள் மந்தமாயிருப்பதால் கையால் பிடித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டுக் கொல்லலாம்.

3. பனி ஈரம் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலை இளஞ்செடிகளின்மேல் தூவலாம்.

4. பந்தலில் ஏறும் கொடிகளுக்குப் பந்தல் அமைத்தால் காய்கள் மண்ணைத் தொடா.

5. மருந்து தெளிக்க நேரிடின், வேளாண்மை அலுவலரின் யோசனைப்படி மாலையிலேயே தெளிக்கவும். பூசணிப் பூ காலையில் மலர்கிறது. அப்போது வரும் தேனீக்கள் மடிந்தால் பிஞ்சு பிடியாது.

ஒருவர் மாத்திரம் உழுது, அடுத்த தோட்டத்தார் பழங்கொடியை அப்படியே விட்டுவைத்தால், வண்டுகள் அங்கிருந்து பறந்து வந்துவிடும். ஆகையால் கிராம அதிகாரிகள் அறுவடைக்குப்பின் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சமயத்தில் இவ்வேலை நடைபெறுமாறு குடிகளுக்கு எடுத்துரைப்பது மிகுந்த நன்மை பயக்கும்.