கொல்லையும் கொள்ளிடமும் – 7: ஆடிக்காற்று அடங்கட்டும்

திருமானூருக்கு வெள்ளம் மேற்கிலிருந்து வரும், மழை கிழக்கிலிருந்து வரும். ஆடியில் குடகு மழைக்கு மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திருப்பிவிடும் நாட்களில் ஊருக்குள் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்துவிட்டு வந்து, கொல்லையில் வாடிக் கிடக்கும் கத்திரி நாற்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். நமக்கென்று பெய்யும் மழை ஐப்பசியில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அந்த வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது.

அதையும் நம்பிவிட முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த வருஷம் மேட்டூர் திறக்க அக்டோபர் ஆனது. 2018 ஆகஸ்டிலோ கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. 22-ம் தேதி முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இந்த மூன்றில் எந்த வருஷத்தை மனதில் வைத்துத் தோட்டம் போடுவது? எந்த வருஷத்தையும் வைத்துப் போடாதீர்கள் என்பேன். பருவத்துக்கு ஒரு வேலை போதும். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் நட்டவர், ஒரே மழையில் எல்லாவற்றையும் இழக்கிறார்.

முதல் ஐப்பசிக்கு ஒன்றும் நடாமல், தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். ஆற்றை ஒட்டிய மனைகளில் மணல் கலந்த வண்டல். பெய்த தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வடக்கே அரியலூர் பக்கம் போகப் போகக் கரிசல், அதன் அடியில் சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். அங்கே தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். மேடாக இருக்கும் மூலை முருங்கைக்கு. வேரில் தண்ணீர் நின்றால் அது தாங்காது. போத்து நட்டாலும் சரி, ஆறு மாதத்தில் காய்க்கும் பெரியகுளம் ரகமான பி.கே.எம்-1 விதையைப் போட்டாலும் சரி, காற்றுக்காலத்துக்கு முன் கவாத்து செய்துவிட வேண்டும். முருங்கைக் கிளை ஒடிய ஆடிக்காற்று வேண்டியதில்லை, ஒரு காக்கை உட்கார்ந்தாலே போதும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பள்ளத்தில் வாழையும் சேம்பும் வையுங்கள். இவை இரண்டும் நின்றுவிட்டால் வீட்டுக்குக் கொல்லை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு மண்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுவில் எல்லாம் மஞ்சளாக வெளுத்தால் அது தண்ணீர்க் குறையோ எருக் குறையோ அல்ல. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அன்னபேதியை மண்ணில் கொட்டினால் அதையும் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளிக்க வேண்டும்.

இனி பந்தலுக்கு வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்கள், விதை போட்ட கையோடு பந்தலும் போட்டுவிடுகிறார்கள். அம்மியே பறக்கும் காற்றில் பந்தல் என்ன ஆகும்? அவரைக்கொடி மேலேறிப் படர ஆவணி ஆகிவிடும். அதுவரை ஒரு குச்சி போதும். காற்று அடங்கியதும் சவுக்குக் கால்களை முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் ஊன்றி, மூங்கில் பிளாச்சைக் குறுக்கே பரப்பி, கயிற்றால் கட்டுங்கள். எட்டிப் பறிக்கிற உயரம் இருந்தால் சரி. தையில் அதே பந்தலில் புடலையும் பீர்க்கனும் ஏறும்.

அவரையிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. மழை முந்தினாலும் பிந்தினாலும் நாட்டு அவரை பூப்பது பகல் குறுகி இரவு நீண்ட பிறகுதான். நம் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான் வித்தியாசம். அந்தக் கொடிக்கு அது தெரிகிறது. ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் கார்த்திகையை ஒட்டித்தான் பூ. முன்னால் போட்டவருக்குக் கொடி பெருத்திருக்கும், காய் கூடும், அவ்வளவுதான். பகலை அளக்காத குத்து அவரை ரகங்கள் இப்போது கிடைக்கின்றன. வானம் எப்படி நடந்துகொண்டாலும் தேதி தவறாத ஒரு செடி கொல்லையில் இருக்கட்டும் என்று நான் நாட்டு அவரையை விடுவதில்லை.

பூவோடு அசுவினியும் வரும். இளந்தண்டில் கறுப்பாக அப்பிக்கொள்ளும், எறும்பு சாரைசாரையாக ஏறும். போன மார்கழியில் மருந்துக்கடைக்குக் கிளம்பிய என்னைப் பக்கத்து வீட்டு ஆயா வாசலிலேயே நிறுத்தினார்.

“ஏன் தம்பி, அடுப்புச் சாம்பல் இல்லயா?”

“கேஸ் அடுப்புதானே ஆயா.”

“எங்க வீட்டுல அள்ளிக்க. விடியக்காலயில தூவு, பனி ஈரத்துலதான் ஒட்டும். வெயில் வந்தப்புறம் தூவுனா கீழதான் கொட்டும்.”

வெள்ளைத்துணியில் சலித்த சாம்பலை, கொடியின் அடிப்பக்கமும் படும்படி தூவினேன். அடுத்தடுத்து மூன்று விடியலில் தூவிய பிறகு தண்டு தெரிந்தது. சாம்பலிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. கரிசல்காரர்கள் அதை வேரடியில் குவிக்க வேண்டாம்.

அந்த மாதத்தில் காலையில் நேரம் இருந்தால் கரைவெட்டிக்கு ஒரு நடை போய்வாருங்கள். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நாம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போம். புள்ளம்பாடி வாய்க்காலும் மழையும் சேர்ந்து அதை நிறைத்திருந்தால் கோடைக்குக் கொஞ்சம் துணிந்து நடலாம். பாதிதான் என்றால் தைப்பட்டத்தில் புடலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தையில் இன்னொரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. ஐப்பசி மழைக்கென்று அரையடி உயர்த்திப் போட்ட மேட்டுப்பாத்தியைக் கொத்திச் சரித்து, சுற்றிலும் வரப்பு வைத்துத் தாழ்த்திவிட வேண்டும். மழையில் வேரைக் காத்த அதே மேடு, பங்குனி வெயிலில் ஊற்றும் தண்ணீரையெல்லாம் பக்கவாட்டில் வழியவிட்டு வேரைக் காயப்போடும். தாழ்த்திய பாத்தியில் வைக்கோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஒருவேளைத் தண்ணீர் மிச்சம். புரட்டாசி கடைசியில் மறுபடி மேடு. மண்வெட்டி பிடிக்க முடியாதவர்கள் ஒரு பாத்தியோடு தொடங்கலாம்.

அவரையில் முற்றி நெற்றான காய்களை எந்தக் கொடியிலிருந்து விதைக்கு எடுப்பது, வண்டு விழாமல் எப்படி வைப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)