பள்ளிப் பெயரை வெட்டும் முன்

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில் வீட்டுக் கடிகாரம் பள்ளி மணியோடு ஒத்துப்போவதில்லை. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட். அம்மாவும் வேலைக்குப் போகிறார் என்றால் அவருக்கு வேறொரு கம்பெனி பஸ், வேறொரு நேரம். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் மூடிப்போனதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. வேலை போனால் வாடகை வீடு மாறும், வீடு மாறினால் பிள்ளையின் பள்ளி மாறும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்குப் பாடமொழியே பெரிய சுவர். இந்த நிலையில், ‘கணக்கு, கோடிங், வரலாறு எல்லாம் போனிலேயே இருக்கிறது, பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கட்டுமே’ என்ற யோசனை எழுவதில் வியப்பில்லை. அந்த யோசனையைக் காசாக்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வீட்டுக் கல்வியை நான் குறை சொல்லவில்லை. பெற்றோரில் ஒருவர் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர முடிகிற வீட்டில் அது நன்றாகவே நடக்கும். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து அம்மா தூங்க, பிள்ளை மூலையில் போனோடு கிடப்பதற்கு வீட்டுக் கல்வி என்று பெயரில்லை. ‘தங்கச்சியைப் பார்த்துக்கிட்டே படிக்கட்டும்’ என்று மூத்த பெண்ணை நிறுத்துவது இன்னும் மோசம். அந்தப் பெண் படிக்கப்போவதில்லை, தங்கச்சியை மட்டும்தான் பார்த்துக்கொள்வாள். கைக்குழந்தைதான் காரணம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்பது சட்டம். கேட்காததால் பல இடங்களில் அது கிடைப்பதில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எட்டாம் வகுப்பு முடிய அருகிலுள்ள பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை. சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்களைச் சட்டம் தடுக்கவில்லை என்று 2012-இல் மத்திய அரசு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அது சட்டத் திருத்தமாகவில்லை. ஆக, வீட்டில் படிக்கவைத்தால் போலீஸ் வராது. அதற்கென்று ஒரு அங்கீகாரமும் கிடையாது.

பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரு மாடியில் உட்காரவைத்து, கட்டணம் வாங்கி, ‘ஹோம் ஸ்கூலிங் சென்டர்’ என்று பலகை மாட்டுவது இதில் சேராது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் பிரிவு 18-இன்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. அபராதம் நடத்துபவருக்குத்தான். வருடங்கள் போவது பிள்ளைக்கு.

பெரும்பாலோர் கணக்கில் எடுக்காதது வேறொன்று. அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு விலை மதிப்பு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் கிடைக்கிறது. மறு ஆண்டிலிருந்து பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன் போனால் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். நடுவில் இரண்டு வருடம் ‘ஆன்லைனில் படித்தான்’ என்றால் இவற்றில் பலவற்றுக்கு அந்த இடைவெளி இடறும். கான்ட்ராக்ட் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பா? எந்த ஆப் விற்பவரும் இதைச் சொல்ல மாட்டார்.

அப்படியும் வீட்டில்தான் படிக்கவைப்போம் என்று முடிவெடுத்தால், சான்றிதழுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் உண்டு. இன்னொன்று தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது, பன்னிரண்டுக்கு 15. பதினோரு வயதுப் பிள்ளையை ‘என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம்’ என்று ஒருவர் ரசீது கொடுத்தால் அது ஏமாற்று. இடைத்தரகர் தேவையே இல்லை, நிறுவனத்தின் இணையதளத்திலேயே சேரலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதத் தடையில்லை என்பது 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் தெளிவானது. ஆனால் தமிழக அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் இணையானதா என்பதில் அதே ஆண்டு சர்ச்சை எழுந்தது. இப்போதைய நிலை என்ன என்பதைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு சேருங்கள்.

சரி, பெயர் பள்ளியில் இருக்கட்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டில் இணையத்தை வைத்து என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம், காசில்லாமல்.

கணக்கில் தொடங்குவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் கியூ.ஆர். குறியீட்டை போனில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். இதை ஒருமுறைகூட தட்டிப் பார்க்காமல் ஆப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர் ஏராளம். 6 முதல் 12 வரையிலான பாடங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தில் இந்தி, ஒடியா உட்படப் பல மொழிப் பாடங்கள் இருப்பதால், வெளிமாநிலப் பிள்ளைகள் தாய்மொழியில் ஒருமுறை கேட்டுவிட்டு வகுப்பில் தமிழில் தொடரலாம். ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் கான் அகாடமி. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. எல்லாம் இலவசம். இவற்றைவிட நல்ல கணக்குப் பாடம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: சம்பளச் சீட்டு. பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் எந்தத் தொகையில் பிடிக்கிறார்கள், ஓ.டி. சரியாக வந்திருக்கிறதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சதவீதமும் புரியும், வீட்டுக்கும் ஆதாயம்.

தொழில்நுட்பத்தில் மிகையான விளம்பரம் கோடிங்குக்குத்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். ஒருமுறை பதிவிறக்கினால் நெட் இல்லாமலும் ஓடும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் கேட்கலாம். ஆனால் விசைப்பலகை உள்ள கணினி வேண்டும். தொடுதிரையில் கோடிங் கற்றுக்கொடுப்பதாகச் சொல்வது பாதி விளையாட்டு.

வரலாறுதான் இணையத்தில் அதிகம் கெட்டுப்போன பாடம். யூடியூபில் வரலாறு என்ற பெயரில் ஓடுவதில் பாதி வெறும் பெருமைப் பேச்சு. அதைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறக்கலாம். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு வரலாற்றைப் பக்கத்திலேயே போய்ப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கண்டெடுத்தது பல்லாவரத்தில். இராமானுசர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊர் ஸ்ரீபெரும்புதூரே. அதே மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன: 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. அந்த விதிகளை எழுதிக்கொண்டு வந்து யார் தகுதி பெறுவார், யார் விலகுவார் என்று ஸ்கிராட்ச்சில் ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லிப் பாருங்கள். கணக்கும் கணினியும் வரலாறும் ஒரே நாளில் முடியும்.

இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கையில் ஏமாற்றம் எங்கே நடக்கிறது? பெரும்பாலும் கடன் ஒப்பந்தத்தில். ‘இலவச டெமோ’ என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைக்கு ஒரு சோதனை வைக்கிறார், கணக்கில் பின்தங்கியிருப்பதாகச் சொல்கிறார். மாதம் இவ்வளவுதான் என்று ஆதார், பான், ஓ.டி.பி. வாங்குகிறார். நீங்கள் கட்டணம் என்று நினைத்தது ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுத்த கடன். படிப்பு நின்றாலும் தவணை நிற்காது. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் இதைப் பற்றித்தான் எச்சரித்தது: தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்று. ஒருகாலத்தில் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட கல்வி ஆப் நிறுவனமான பைஜூஸ் மீதே கட்டாய விற்பனைப் புகார் எழுந்து, குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2022-இல் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. பெரிய பெயர் என்பது பணம் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது இது. கடன் கொடுத்தவரிடம் ‘முக்கிய விவர அறிக்கை’ கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனுக்கு அது கட்டாயம். அபராதமில்லாமல் கடனை விட்டு வெளியேறுவதற்கான காலமும் அதில் இருக்கும். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ஒப்புதலை ரத்து செய்யுங்கள். ஆனால் கடனை முடிக்காமல் தவணையை மட்டும் நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். அதனால் ரத்துக் கோரிக்கையை ஆப் நிறுவனத்துக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியதை நிரூபிப்பது கடினம். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. ஓ.டி.பி. வாங்கிப் பணத்தையே சுருட்டியிருந்தால் உடனே 1930.

ஆப் நிறுவனத்தின் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ தாக்கல் செய்யலாம். கம்பெனியின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். பள்ளி, கல்லூரிக்குத்தான் அந்த வாதம். பயிற்சி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று தேசிய ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது.

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகம் ஆகியவையும் பணம்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்த்த ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை பிறந்த நாளை உண்மையாகக் கொடுக்காமலிருப்பதே தற்காப்பு.

ஏற்கெனவே பள்ளியை விட்டு நிறுத்திவிட்டவர்களுக்கு: ஜூன் போய்விட்டது, டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். சேர்க்கைக் காலம் முடிந்தாலும் மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் டி.சி. தாமதம் ஒரு காரணமாகாது. பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தமிழ் தெரியாத பிள்ளைக்கும் இதே உரிமைதான். தலைமையாசிரியர் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது 14417-ஐ அழையுங்கள். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும் முன்பே அழைக்கலாம்.