மேசையின் மறுபுறம்

மருத்துவ ஆராய்ச்சி என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவன எவை? வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய், பூதக்கண்ணாடி இவையே அல்லவா? மேசையின் மறுபுறம் அமர்ந்து, கையை நீட்டி இரத்தம் கொடுக்கும் மனிதனை நாம் எளிதில் நினைப்பதில்லை. நான் அந்த மறுபுறத்தில் ஓராண்டுக் காலம் அமர்ந்திருந்தவன். ஆதலின், அவன் மனம் படும் பாட்டைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

என் முழங்கால் மூட்டுகள் தேய்ந்து போனவை. மாடியில் குடியிருப்பவனுக்கு அது எத்தகைய தொல்லை என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு மருத்துவமனையில் புதிய மாத்திரை ஒன்றை ஆராய்வதாகவும், அதில் சேர விருப்பமா என்றும் கேட்டார்கள். பல பக்கங்கள் கொண்ட ஒப்புதல் படிவத்தை டாக்டர் பொறுமையோடு படித்துக் காட்டினார். சேர்பவருள் பாதிப் பேருக்கு உண்மை மருந்து; மற்றப் பாதிக்கு அதே நிறமும் வடிவமும் உடைய போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும். உண்பவனுக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது.

இம்மறைவுக்குக் காரணம் உண்டு. வலியை அளக்க முழக்கோல் இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே அளவு. மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையே வலியைத் தணிப்பதுண்டு. தீங்கு நேருமோ என்ற அச்சமே குமட்டலையும் தலைவலியையும் வருவிப்பதுண்டு. மருந்து செய்த வேலை எது, மனம் செய்த வேலை எது என்று பிரித்தறிய வேண்டுமானால், இரு சாராரும் ஒரே நம்பிக்கையோடும் ஒரே அச்சத்தோடும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் தலையசைத்தேன். ஆனால், என் உள்ளம் அவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. "இவ்வளவு பெரிய டாக்டர் நம்மை அழைக்கிறார், பயனற்றதையா கொடுப்பார்?" என்றே எண்ணினேன். ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு என்பதை நோயாளிகள் பலர் பிரித்து உணர்வதில்லை என மருத்துவ அறம் பற்றி எழுதுவோர் குறிப்பிட்டிருப்பதைப் பின்னர்தான் படித்தேன். ஒருநாள் மாத்திரையை நாவில் வைத்துச் சுவைத்தும் பார்த்தேன். கசந்தது. கசந்ததால் மருந்துதான் என்று மகிழ்ந்தேன்! கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவனுடைய அறிவு அவ்வளவுதான்.

வலியும் குறைந்தது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சென்றால், செவிலி ஒருவர் எதிரே அமர்ந்து, "எத்தனை படி ஏறினீர்கள் ஐயா? இரவு தூங்கினீர்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். என் மனைவி மறைந்த பின்பு, என் தூக்கத்தைப் பற்றி வினவியவர் அவர் ஒருவரே. இறுதி நாளில், "இனி நீங்கள் வர வேண்டியதில்லை ஐயா" என்றார். நல்ல செய்திதானே? எனக்கோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் போல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வலி மீண்டும் எட்டிப் பார்த்தது.

நான் உண்டது எது என்று கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு வரியில் விடை வந்தது: போலி மாத்திரை. வெட்கமும் சினமும் ஒருங்கே எழுந்தன. ஏமாற்றினார்களா? இல்லை, சொல்லியே கொடுத்தார்கள். அப்படியானால் என் வலி குறைந்தது பொய்யா? அதுவும் இல்லை, நான் ஏறிய படிகள் மெய்யான படிகளே.

அந்நாட்களில் எனக்கு ஆறுதல் அளித்தது பழைய வரலாறு ஒன்று. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஜோனாஸ் சால்க் கண்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியைச் சோதிக்கும் பெரு முயற்சி நடந்தது. ஏறக்குறைய பதினெட்டு லட்சம் பள்ளிச் சிறார் அதில் இடம் பெற்றனர். ஒவ்வொரு கோடையிலும் அந்நோய்க்கு அஞ்சி நடுங்கிய பெற்றோர், தம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகோள் படிவத்தில் கையெழுத்திட்டனர். சில பகுதிகளில் குலுக்கல் முறைப்படி சுமார் இரண்டு லட்சம் பேருக்கு உண்மைத் தடுப்பு மருந்தும், சுமார் இரண்டு லட்சம் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போடப்பட்டன. 'போலியோ முன்னோடி' என்று பொறித்த சிறு சின்னம் அச்சிறாருக்கு வழங்கப்பட்டது. அதில் மருந்து பெற்றவன், பெறாதவன் என்ற வேற்றுமை இல்லை.

1955 ஏப்ரல் 12ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்ற கூட்டத்தில் அந்நோயால் பக்கவாதம் கண்டவர் 33 பேர். மருந்தில்லாத ஊசி பெற்ற கூட்டத்தில் 115 பேர். தேவாலய மணிகள் ஒலித்தன. நான் இந்த 115 என்ற எண்ணின்மீது நெடுநேரம் நின்றுவிட்டேன். 33 என்பது வெற்றி என்று உலகுக்குச் சொன்னது அந்த 115 அல்லவா? அவ்வீடுகளில் மணியோசை எவ்வாறு கேட்டிருக்கும்? கையெழுத்திட்ட தாயின் விரல்கள் என்ன நினைத்திருக்கும்? என் முழங்கால் வலியை அதனோடு ஒப்பிடவே நாணுகிறேன். மருந்தில்லாத ஊசி பெற்ற மற்றச் சிறாருக்குப் பின்னர் உண்மைத் தடுப்பூசி அளிக்கப்பட்டது என்பது ஓரளவு நெஞ்சை ஆற்றுகிறது.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சின்கியில் வகுத்த அறநெறி அறிக்கை பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியில் பங்குகொண்டவர் அதன் முடிவை அறியும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. மூன்று கடிதம் எழுதிய எனக்கு அவ்விதியின் அருமை தெரியும்.

சென்ற மாதம் கீழ்வீட்டு அம்மாள் ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்து வந்து, "சார், இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. போலி மருந்து கிடைத்தால் தாங்குவீர்களா என்று அவரைக் கேட்டேன். முடிந்தபின் செய்தி சொல்வார்களா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னேன். மறுநாள் அவர் படிவத்தோடு திரும்பி வந்தார். அதன் கடைசிப் பக்கத்தில், முடிவு அனுப்ப வேண்டிய முகவரி என்று எழுதி, டாக்டர் தம் கையொப்பமும் இட்டிருந்தார். அம்மாள் என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.