ஓர் அங்குலமா, ஒன்றரை அடியா?

1968 ஜூன் 5, நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் வெற்றி உரையை முடித்துக்கொண்டு, சமையலறையை ஒட்டிய பரிமாறும் அறை வழியாக ராபர்ட் கென்னடி வந்துகொண்டிருந்தார். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆவதற்காகப் போட்டியிட்டவர். கலிஃபோர்னியாவின் முதல்நிலைத் தேர்தலில் சற்று முன்புதான் வென்றிருந்தார். வழியில் நின்ற ஊழியர்களோடு கைகுலுக்கியபோது சர்ஹான் சர்ஹான் என்ற 24 வயது இளைஞர் எதிரே வந்து சுட்டார். பலர் கண்முன் நடந்தது. துப்பாக்கியோடு அங்கேயே அமுக்கிப் பிடித்தார்கள். கென்னடி மறுநாள் இறந்தார். மேலும் ஐந்து பேருக்குக் காயம்.

சர்ஹான் சுட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய தோட்டாதான் கென்னடியின் உயிரைக் குடித்ததா என்ற கேள்விதான் அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஓயவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்தவர் தாமஸ் நொகுச்சி. உயிரைப் பறித்த தோட்டா வலது காதுக்குப் பின்னால் நுழைந்திருந்தது. இன்னும் இரண்டு தோட்டாக்கள் வலது அக்குளின் பின்பக்கம் பாய்ந்திருந்தன. நான்காவது ஒன்று கோட்டின் தோள் துணியை மட்டும் துளைத்துப் போயிருந்தது. எல்லாமே பின்னாலிருந்து முன்னோக்கி, கீழிருந்து மேல்நோக்கிச் சென்றவை. காதைச் சுற்றி வெடிமருந்துத் துகள்கள் பதிந்திருந்தன. துப்பாக்கி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அகலமாகத் துகள்கள் சிதறும். மிகவும் தள்ளிப் போனால் தோலில் பதியவே பதியாது. அதே ரகத் துப்பாக்கியால் பன்றிக் காதுகளின் மீது வெவ்வேறு தொலைவிலிருந்து சுட்டுப் பார்த்து, கென்னடியின் காதில் இருந்த பதிவோடு நொகுச்சி ஒப்பிட்டார். துப்பாக்கிக் குழலின் வாய் காது விளிம்பிலிருந்து சுமார் ஓர் அங்குலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நேரில் பார்த்தவர்களின் கதை வேறு. கென்னடியின் கையைப் பற்றி அழைத்துச் சென்றவர் கார்ல் உக்கர் என்ற ஹோட்டல் ஊழியர். சர்ஹானின் மணிக்கட்டை முதலில் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். துப்பாக்கிக்கும் கென்னடியின் தலைக்கும் குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி இருந்தது என்று பின்னாளில் எழுதிக் கொடுத்தார். மற்ற சாட்சிகளில் பலரும் அடிக்கணக்கில்தான் சொன்னார்கள். சர்ஹான் முன்னால் இருந்தார் என்றார்கள். காயங்களோ பின்பக்கத்தில் இருந்தன.

இதற்கு அரசுத் தரப்பினர் தரும் விடை: முதல் வெடிச் சத்தத்துக்குப் பின் கூட்டம் குலைந்தது, கென்னடி திரும்பியிருக்கலாம், தடுமாறியிருக்கலாம், ஒவ்வொரு தோட்டாவின்போதும் இடைவெளி எவ்வளவு என்று எந்தக் கண்ணும் அளந்துகொண்டிருக்கவில்லை. இது நியாயமான விடைதான். அதிர்ச்சியில் மனிதர்கள் தொலைவையும் வரிசையையும் தவறாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தோலில் பதிந்த துகளுக்கு அந்தப் பதற்றம் கிடையாது. ஆகவே தொலைவு விஷயத்தில் நான் நொகுச்சியின் பக்கம். ஆனால் துகள் சொல்வது தொலைவை மட்டுமே. துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதைத் தோட்டாக்களும் அவை பட்ட இடங்களும்தான் சொல்ல வேண்டும். வழக்கு நொண்டத் தொடங்குவது அங்கேதான்.

சர்ஹானின் பாயிண்ட் 22 ரிவால்வரில் எட்டுத் தோட்டாக்களுக்குத்தான் இடம். போலீஸ் கணக்கின்படி ஏழு தோட்டாக்கள் காயம்பட்டவர்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்டன. கென்னடியின் மார்பைத் துளைத்து வெளியேறிய ஒன்று மேற்கூரைக்குள் போய்த் தொலைந்தது. எட்டும் சரியாகிவிட்டது. ஒன்பதாவதாக ஒரே ஒரு தோட்டா எங்காவது கிடைத்தாலும் இரண்டாவது துப்பாக்கி இருந்தாக வேண்டும். அந்த அறையின் கதவு நிலையில் இருந்த துளைகளை எஃப்.பி.ஐ. படம் எடுத்தபோது அவற்றைத் தோட்டாத் துளைகள் என்றே குறிப்பிட்டிருந்தது. அவை தோட்டா பட்டவை அல்ல என்றது போலீஸ்.

மரத்தைப் பிளந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த மரம் இப்போது இல்லை. கழற்றி எடுத்து வைத்திருந்த கதவு நிலைப் பலகைகளையும் கூரைத் தகடுகளையும் 1969இல், தண்டனை விதித்துச் சில வாரங்களில், மேல்முறையீடு முடிவதற்கு முன்பே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் அழித்துவிட்டது. இந்தச் செய்தி 1975இல்தான் வெளியே வந்தது. சதி என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. ஆனால் சதி இல்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். இந்த வழக்கில் என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

நீதிமன்றமாவது இதையெல்லாம் கிளறியிருக்க வேண்டும். அங்கே சர்ஹானின் வக்கீல்கள் அவர்தான் கொன்றார் என்பதை ஒப்புக்கொண்டு, அவருடைய மனநிலையைக் காட்டி மரண தண்டனையிலிருந்து காப்பாற்றவே வாதாடினார்கள். அதனால் தோட்டாக் கணக்கும் ஓர் அங்குலக் கணக்கும் உருப்படியான குறுக்கு விசாரணையைச் சந்திக்கவே இல்லை. சோதனைத் தோட்டாக்கள் வைத்த உறையில் வேறொரு துப்பாக்கியின் எண் எழுதப்பட்டிருந்த பிழைகூடப் பின்னால்தான் கவனத்துக்கு வந்தது.

1975இல் ஏழு நிபுணர்கள் துப்பாக்கியை மறுபடி சுட்டு ஆராய்ந்தார்கள். இரண்டாவது துப்பாக்கிக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். அதே அறிக்கையில், உடல்களில் கிடைத்த தோட்டாக்கள் சர்ஹானின் துப்பாக்கியிலிருந்தே வந்தவை என்று உறுதிப்படுத்தவும் முடியவில்லை என்றார்கள். இரு தரப்பும் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டன. பிற்காலத்தில் ஒரு செய்தியாளரின் ஒலிநாடா ஆராயப்பட்டது. ஒரு நிபுணர் அதில் பதின்மூன்று வெடிகளைக் கேட்டார். எட்டுக்கு மேல் இல்லை என்றார்கள் வேறு சிலர்.

அன்று காயம்பட்டவர்களில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர் பால் ஷ்ரேட். கென்னடிக்குச் சில அடிகள் பின்னால் வந்தவர், நெற்றியில் சுடப்பட்டார். கென்னடியின் கோட்டைத் துளைத்த தோட்டாதான் இவர் தலையில் பட்டது என்பது போலீஸ் கணக்கு. முன்னோக்கிப் போன தோட்டா பின்னால் நின்றவரின் நெற்றியில் எப்படிப் பட்டது என்று ஷ்ரேட் கேட்டுக்கொண்டே இருந்தார். தன்னைச் சுட்டவர் சர்ஹான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் கென்னடியைக் கொன்றது வேறொருவர் என்று நம்பினார். 2016இல் சர்ஹானின் பரோல் விசாரணைக்கு நேரில் போய் அவருக்காகப் பேசினார். பரோல் மறுக்கப்பட்டது. ஷ்ரேட் 2022இல் தன் 97ஆம் வயதில் இறந்தார்.